மாவோ பற்றி வெளிநாட்டில் வெளிவந்த நூல்கள்: எதை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: வாவிக்கரை (கல்லடி, மட்டக்களப்பு)

எல்லாருக்கும் வணக்கம். எங்கட வாசிப்பு வட்டத்தில் வருகிற நாலு அமர்வும் மாவோ சேதுங் பற்றியது. வருகிற ஆக்கள் கலவை: உயர்தரம் முடித்த பிள்ளைகள், வந்தாறுமூலை வளாகத்து மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர், அந்த நாளையில் பீக்கிங் சார்புக் கம்யூனிஸ்ட் தலைவர் சண்முகதாசனின் கட்சிக் கூட்டங்களுக்குப் போய்வந்த பெரியவர்கள் இரண்டு பேர்.

எடுத்திருப்பது மூன்று நூல்கள். எட்கார் ஸ்னோ 1937இல் வெளியிட்ட 'சீன வானில் சிவப்பு நட்சத்திரம்'. மாவோவின் வைத்தியராக இருந்த லி ஜிசுய் அமெரிக்காவுக்குப் போன பிறகு 1994இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பு. யுங் சாங்கும் ஜோன் ஹலிடேயும் லண்டனில் இருந்து 2005இல் கொண்டுவந்த பெரிய வாழ்க்கை வரலாறு. முதலாவதில் மண்குகையில் இருந்தபடி உலக நடப்புக் கதைக்கிற எளிய தலைவர். இரண்டாவதில் நித்திரைக் குளிசையும் சந்தேகமுமாக வாழ்கிற கிழவர். மூன்றாவதில் சின்ன வயதிலேயே கொடியவன், கடைசி வரைக்கும் கொடியவன்.

பிள்ளைகள் கேட்கிற கேள்வி நியாயமானது. மூன்றும் அச்சில் வந்ததுதானே, எதை வைத்து ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ளுவது? "எல்லாப் பக்கமும் கொஞ்சம் உண்மை இருக்கு" என்று மழுப்ப எனக்கு விருப்பமில்லை. அதோடு 1959–61 பஞ்சத்தில் செத்தவர்கள் 15 மில்லியன் என்று ஒருவர் எழுதுகிறார், 45 மில்லியன் என்று இன்னொருவர் எழுதுகிறார். ஒரே பஞ்சத்துக்கு மூன்று மடங்கு வித்தியாசம் எப்படி வரும்? விசயம் தெரிந்த ஆக்கள் கொஞ்சம் விரிவாச் சொல்லுங்கோ. நூல் முழுவதையும் எல்லாரும் வாசிக்கமாட்டார்கள். ஒரு அமர்வுக்கு இருபது, முப்பது பக்கம் போட்டோக் கொப்பி அடித்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

பதில் 1: ஏறாவூர் வரலாற்று டீச்சர்

ஸ்னோவில் இருந்தே தொடங்குங்கோ தம்பி. மற்ற இரண்டு நூலும் ஒருவகையில் அவர் வரைந்த படத்துக்கு மறுப்புத்தான். அந்தப் படம் எப்படி வரையப்பட்டது என்று தெரியாமல் மறுப்பை வாசித்தால் பாதிதான் விளங்கும்.

1936 ஜூலையில் ஸ்னோ ஷான்சி மாகாணத்துப் பாவோஆன் ஊருக்குப் போகிறார், ஒக்டோபரில் திரும்புகிறார். தானாக வேலி பாய்ந்து போனவர் இல்லை. போவதற்கான ஏற்பாட்டுக்கு சுன் யாட்-சென்னின் விதவை சூங் சிங்லிங் உதவினார். கட்சித் தலைமைக்கு அப்போது ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளர் தேவைப்பட்டார். அப்போதைய சீன ஆட்சித் தலைவர் சியாங் கை ஷேக்கின் முற்றுகையால், கம்யூனிஸ்டுகளின் படையான செஞ்சேனை பற்றிய செய்தி எதுவும் வெளியே போகவில்லை, மாவோ செத்துவிட்டார் என்றே பலதடவை செய்தி வந்திருந்தது. ஜப்பானுக்கு எதிராக எல்லாரும் சேர வேண்டும் என்ற புதிய கொள்கையையும் உலகத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

இனி எழுத்து நடந்த விதத்தைப் பாருங்கோ. இதுதான் முக்கியம். இரவில் மாவோ கதைக்கிறார், வூ லியாங்பிங் மொழிபெயர்க்கிறார், ஸ்னோ ஆங்கிலத்தில் எழுதுகிறார். மறுகா அந்தக் குறிப்பு சீன மொழிக்கு மாற்றப்பட்டு மாவோவிடம் போகிறது. மாவோ திருத்துகிறார். திருத்தியது திரும்ப ஆங்கிலத்துக்கு வருகிறது. இதை ஸ்னோ மறைக்கவில்லை, நூலிலேயே சொல்கிறார், பிழை குறைவதற்கான முறை என்று நினைத்துத்தான் சொல்கிறார். ஆனால் திருத்தம் செய்தவர் கதையின் நாயகன். ஆகவே மாவோவின் பிறப்பு, பள்ளிக்கூடம், கட்சிக்கு வந்த வரலாறு எல்லாம் வருகிற அந்தப் பகுதியை "மாவோ 42 வயதில், 1936இல், உலகத்துக்குச் சொல்ல விரும்பியது" என்று தலைப்புப் போட்டு வாசிக்க வேண்டும். அப்படி வாசித்தால் அது பொன்னான ஆவணம். "மாவோவின் உண்மையான இளமை" என்று வாசித்தால் வழுக்கிவிடும்.

ஒரு உதாரணம் வகுப்பில் நன்றாக எடுபடும். ஷாவோஷான் கிராமத்தில் விருந்தாளிகளுக்கு முன்னால் தகப்பன் ஏச, பிள்ளை ஓடிப்போய்க் குளக்கரையில் நின்று, "கிட்ட வந்தால் குதிப்பன்" என்று வெருட்டி, கடைசியில் தகப்பனைப் பேரம்பேச வைத்த கதை. மாவோ பற்றி யார் எழுதினாலும் இது வரும். சிலருக்கு அது பிறவிப் புரட்சிக்காரன் என்பதற்கு அடையாளம், சிலருக்குத் தகப்பனையே வெறுத்த குரூரத்துக்கு அடையாளம். சாட்சி யார் என்று பார்த்தால் ஒரேயொரு ஆள்: பாவோஆன் குகையில் இருந்து அதைச் சொன்ன மாவோ. பத்து நூலில் வந்தால் பத்துச் சாட்சி ஆகாது. அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு போனால் பெரும்பாலும் ஸ்னோவிடம்தான் போய் நிற்கும். பிள்ளைகளை இதைத் தாங்களாகவே தேடவிடுங்கோ.

ஸ்னோ விட்டது எது என்றும் கேட்க வேண்டும். 1930இல் ஜியாங்ஸியில் நடந்த பூத்தியன் சம்பவம், அதையொட்டிக் கட்சிக்குள் நடந்த களையெடுப்பு, அதில் கொல்லப்பட்ட ஆயிரக்கணக்கான சொந்தத் தோழர்கள். ஸ்னோவின் நூலில் அது சில வரிகளில், கலகம் ஒன்று அடக்கப்பட்டதாக, மாவோவின் வாயால் மட்டும் வருகிறது. மறுபக்கத்தைக் கேட்க அவருக்கு அங்கே ஆள் இருக்கவில்லை.

அதேநேரம் ஸ்னோவைப் பிரசாரகர் என்று ஒரே அடியாகத் தள்ளுவதும் அநியாயம். அந்தச் சேனை ஒழுங்கோடு இருக்கிறது, விவசாயிகளிடம் அதற்குப் பிடிப்பு இருக்கிறது, சீனாவின் எதிர்காலத்தில் இந்த ஆக்களுக்குப் பெரிய இடம் இருக்கும் என்று அவர் சொன்னார். பெரிய தலைநகரங்களில் இருந்து எழுதின பலர் அதைக் காணவில்லை. 13 வருடத்தில் அது நடந்து முடிந்தது.

இன்னொன்று. நூல் வெளிநாட்டோடு நிற்கவில்லை. 1938 தொடக்கத்திலேயே ஷங்காயில் சீன மொழிபெயர்ப்பு வந்துவிட்டது. அதை வாசித்துவிட்டு மாவோவின் தலைமையகம் இருந்த யெனானுக்குப் புறப்பட்ட நகரத்து இளைஞர் பலர். சீனருக்கே மாவோவை அறிமுகம் செய்ததில் ஒரு மிசூரிக்காரருக்குப் பெரிய பங்கு உண்டு.

பதிப்பைப் பார்க்க மறக்காதீங்கோ. 1937 லண்டன் பதிப்பும் 1938 அமெரிக்கத் திருத்தமும் 1968 திருத்தமும் ஒன்றல்ல. சோவியத்தையும் கொமின்டேர்னையும் (மொஸ்கோவில் இருந்த கம்யூனிஸ்ட் அகிலம்) குறைகூறின சில இடங்களை அமெரிக்கக் கம்யூனிஸ்டுகளின் கண்டனத்துக்குப் பிறகு ஸ்னோ மாற்றினார். 1968இல் பின்குறிப்புகள் சேர்ந்தன. கொப்பி அடிக்கிறபோது முதல் பக்கத்தையும் சேர்த்து அடியுங்கோ. எந்தப் பதிப்பு என்று தெரியாமல் பந்தி பந்தியாகச் சண்டை பிடிக்கிறதில் பயனில்லை.

பதில் 2: கணக்கர் (கல்முனை)

தொகைப் பிரச்சினைக்கு வாறன். கரும்பலகையில் கால் மணித்தியாலத்தில் செய்து காட்டலாம், சேர்.

சீன அரசு 1980களின் தொடக்கத்தில் தானே வெளியிட்ட இறப்பு வீதங்கள் இவை. ஆயிரம் பேருக்கு 1957இல் 10.80, 1958இல் 11.98, 1959இல் 14.59, 1960இல் 25.43, 1961இல் 14.24, 1962இல் 10.02. ஆண்டிறுதிச் சனத்தொகை 1957இல் 646.53 மில்லியன், 1958இல் 659.94, 1959இல் 672.07, 1960இல் 662.07, 1961இல் 658.59. இரண்டு வருடத்தில் சனத்தொகையே 13 மில்லியனுக்கு மேல் குறைந்திருக்கிறது. போர் இல்லாத நாட்டில்!

இப்ப 1960ஐ மட்டும் எடுங்கோ. முந்தின வருடக் கடைசித் தொகையையும் இந்த வருடக் கடைசித் தொகையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 667 மில்லியன். 25.43இல் இருந்து 1957இன் 10.80ஐக் கழித்தால் 14.63. 667 மில்லியனை 14.63ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 9.76 மில்லியன். வழமைக்கு மேலாக அந்த ஒரு வருடத்தில் செத்தவர்கள் அவ்வளவு பேர். இதே மாதிரி 1958க்கு 0.8, 1959க்கு 2.5, 1961க்கு 2.3 மில்லியன். கூட்டினால் 15 மில்லியனைத் தாண்டும். அரசாங்கத்தின் சொந்த எண்ணை அப்படியே நம்பினால் வருகிற மிகக் குறைந்த தொகை இது. இதற்குக் கீழே சொல்கிறவர், பீஜிங்கின் எண்ணையும் ஏற்கமாட்டேன் என்கிறார் என்று அர்த்தம்.

மேலே போவதற்குக் காரணம், அந்தக் காலத்தில் சாவுகள் ஒழுங்காகப் பதியப்படவில்லை. கிராமத்தில் பதிகிற ஆளே பட்டினியில் கிடக்கிறார், மேலிடத்துக்குக் கெட்ட செய்தி அனுப்பப் பயம், செத்த ஆளின் பங்கீட்டையும் வாங்கிக்கொள்ள வீட்டாருக்குத் தேவை. 1953, 1964, 1982 குடிசனமதிப்புகளையும் 1982 கருவள ஆய்வையும் பொருத்திப் பார்த்துத்தான் பசில் ஆஷ்டனும் கூட்டாளிகளும் 1984இல் ஏறத்தாழ 30 மில்லியன் என்றார்கள். ஜூடித் பனிஸ்டர் போட்ட கணக்கும் அதே அளவுதான். சீனப் பத்திரிகையாளர் யாங் ஜிஷெங், தகப்பனைப் பஞ்சத்தில் இழந்தவர், மாகாண ஆவணங்களைத் தேடிப் 36 மில்லியன் என்றார். பிராங்க் டிகோட்டர் 2010இல் குறைந்தது 45 மில்லியன் என்றார். கட்சி ஆவணங்களில் உள்ள உள்ளூர் எண்களை வைத்து, முந்தின மதிப்பீடுகள் குறைவு என்று சொல்லி அவர் அங்கே போகிறார்.

ஆகவே ஒரு தொகையைக் கண்டால் நாலு விசயம் கேளுங்கோ. வழமையான இறப்பு வீதம் என்று எதை வைத்தார்? 10.8க்குப் பதிலாக 10 என்று வைத்தாலே நாலு வருடத்தில் 2 மில்லியன் கூடும். எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் முடித்தார்? பதியாத சாவுக்கு எவ்வளவு கூட்டினார், எந்த ஆதாரத்தில்? பிறக்காத பிள்ளைகளையும் சேர்த்தாரா? இந்தக் கடைசியில்தான் கனபேர் விழுகிறார்கள். யாங் 36 மில்லியன் சாவுக்குப் புறம்பாக 40 மில்லியன் பிறப்பு இல்லாமல் போனது என்கிறார். இரண்டையும் கூட்டி "76 மில்லியன் கொலை" என்று எழுதினால் அது கணக்கே இல்லை.

மற்றப் பக்கத்தில் ஒரு வாதம் வரும்: 1950களில் இந்தியாவின் இறப்பு வீதமே 22க்கு மேல், சீனாவின் 25 என்ன பெரிய விசயம் என்று. அதற்குப் பதில் மாகாணக் கணக்கில் இருக்கிறது. அன்ஹுய் மாகாணத்தின் 1960 வீதம், அரசின் கணக்கிலேயே, ஆயிரத்துக்கு 68க்கு மேல். சராசரிக்குள் இதை ஒளிக்க முடியாது.

சாங்–ஹலிடே நூலின் முதல் பக்கத்தில் வருகிற "70 மில்லியனுக்கு மேல்" என்பதையும் பிரித்துக் காட்டுங்கோ. பஞ்சத்துக்கு 38 மில்லியன். அது மேலே சொன்ன ஆய்வுகளின் எல்லைக்குள்தான் இருக்கிறது. சிறைக்கும் தொழில்முகாமுக்கும் 27 மில்லியன். இது வந்த வழி: எந்த வருடமும் 10 மில்லியன் பேர் அடைபட்டிருந்தார்கள் என்று ஒரு மதிப்பு, வருடம் நூற்றுக்குப் பத்துப்பேர் செத்தார்கள் என்று இன்னொரு மதிப்பு, 27 வருடத்தால் பெருக்கு. இரண்டு மதிப்பும் ஊகம். ஐந்து என்று வைத்தால் தொகை பாதியாகும். முகாம்களில் பெருந்தொகைச் சாவு நடந்தது உண்மை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 38உம் 27உம் ஒரே தரமான எண்கள் அல்ல. ஒரே வசனத்தில் கூட்டிப்போட்டால் வாசிக்கிற ஆளுக்கு அந்த வித்தியாசம் தெரியாமல் போகும்.

வாவிக்கரை

மிக்க நன்றி டீச்சர், நன்றி கணக்கர் சேர். இப்ப இன்னொரு கேள்வி வருகுது. 1960இல் ஸ்னோ திரும்பவும் சீனாவுக்குப் போய் மாதக்கணக்கில் சுற்றினார்தானே. நேரே போன ஆள் பஞ்சத்தைக் காணவில்லை, அமெரிக்காவில் மேசையில் இருந்து கணக்குப் போட்டவர்கள் கண்டார்கள். போய்ப் பார்த்தவர் சொல்வதைத்தானே சனம் நம்பும்?

பதில் 3: தாழங்குடா

போய்ப் பார்த்தவர் என்பதற்காக நம்பக்கூடாது. யார் கூட்டிக்கொண்டு போனது, எந்த வழியால், யாரோடு கதைக்க விட்டது என்று பார்த்துத்தான் நம்ப வேணும்.

1960, 61 ஆண்டுகளில் போன பெரிய ஆக்களின் வரிசையைப் பாருங்கோ. ஸ்னோ பஞ்சம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை என்று 1962 நூலில் எழுதினார். பிரித்தானியப் பீல்ட் மார்ஷல் மொன்ட்கொமரி 1960இலும் 61இலும் போய் மாவோவைச் சந்தித்து, பெரும்பஞ்சம் என்ற கதையை மறுத்தார். பின்னாளில் பிரான்சின் ஜனாதிபதியான மித்தரோன் 1961இல் போய் அதையே சொன்னார். மூன்று பேரும் வேறு வேறு அரசியல். மொன்ட்கொமரியை யாரும் கம்யூனிஸ்ட் என்று சொல்லமாட்டார்கள். ஆகவே இது கொள்கைக் கோளாறு மட்டுமில்லை. விருந்தாளி போகிற பாதை முன்கூட்டியே தெரிவு செய்யப்பட்டது, மொழிபெயர்ப்பாளர் அரசின் ஆள், கேட்கப்படுகிற கிராமத்தான் தனக்குப் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்துத்தான் பதில் சொல்லுவான். பேட்டி எடுத்துவிட்டுப் போகிறவர் போய்விடுவார், பேட்டி கொடுத்தவன் அதே ஊரில் இருக்க வேண்டும். எங்கட பக்கத்துச் சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஹொங்கொங்கில் இருந்த ஒரு பாதிரியாரை வையுங்கோ. லாஸ்லோ லாடானி, ஹங்கேரிய இயேசுசபைக் குரு. 1953இல் இருந்து ஒரு சின்ன வாராந்தச் செய்தித்தாள் நடத்தினார். ஆதாரம் முழுக்கச் சீனாவின் சொந்தப் பத்திரிகையும் வானொலியும். மாகாணப் பத்திரிகை மூலையில் "மாற்று உணவுகள்" பற்றி எழுதத் தொடங்கினால், மரப்பட்டையும் பாசியும் சாப்பிடச் சொல்லிக் கொடுத்தால், அரிசி இல்லை என்றுதானே அர்த்தம்? பெல்ஜியக்காரர் பியர் றிக்மான்ஸ், சைமன் லேய்ஸ் என்ற பெயரில், இதே வகை வாசிப்பையும் ஹொங்கொங்குக்கு ஓடிவந்தவர்களின் வாக்குமூலத்தையும் வைத்து 1966இல் மாவோ தொடக்கின கலாசாரப் புரட்சியை அதிகாரச் சண்டை என்று 1971இல் எழுதினார். பாரிஸ் அறிவாளிகள் அவரைப் போட்டுக் கிழித்தார்கள். காலம் போகப்போக அவர் சொன்னதுதான் நின்றது. சீனமொழி வாசிக்கத் தெரிந்திருந்தது, அரசாங்கத்தின் விருந்தைச் சார்ந்து நிற்கவில்லை, இந்த இரண்டும்தான் அவருக்கு இருந்த பலம்.

வில்லியம் ஹின்டன் நடுவில் நிற்கிறார். 1948இல் ஒரே கிராமத்தில் தங்கி நிலச்சீர்திருத்தத்தை நாளாந்தம் குறிப்பெடுத்தவர். மாவோவுக்கு ஆதரவான ஆள். ஆனாலும் அந்தக் கிராமத்தில் நடந்த அடி, அநியாயத் தீர்ப்பு, பிழையான வகைப்படுத்தல் எல்லாம் அவர் நூலில் இருக்கிறது. குறிப்புகளை அமெரிக்கச் சுங்கம் பறித்து வைத்ததால் நூல் 1966இல்தான் வந்தது. ஆதரவாளன் எழுதினது என்று தூக்கி எறிந்திருந்தால் அவ்வளவு ஆதாரத்தையும் இழந்திருப்போம்.

பதில் 4: நெல்வயல் (அக்கரைப்பற்று)

தாழங்குடாத் தம்பி சொன்னது சரி, ஆனால் அதே உரைகல்லில் பிந்தி வந்தவர்களையும் உரசிப் பார்க்க வேணும். தியனன்மென் சதுக்கப் படுகொலை நடந்த 1989க்குப் பிறகு மாவோவைக் கறுப்பாக எழுதினால் மேற்கில் பதிப்பகமும் பரிசும் தானாக வரும் என்ற நிலை இருந்தது. அந்த வசதி நூலைப் பொய்யாக்காது. ஆனால் கவனயீனத்துக்கு இடம் கொடுக்கும்.

டிகோட்டரில் இரண்டைக் காட்டுங்கோ. முதலாவது, தொடக்கப் பதிப்புகளின் அட்டையில் போட்ட பட்டினிப் பிள்ளையின் படம் 1946 பஞ்சத்தில் எடுத்தது, மாவோ ஆட்சிக்கு வருமுன். இரண்டாவது இதைவிடப் பெரிசு. 1959 மார்ச்சில் ஷங்காய்க் கூட்டத்தில் மாவோ, பாதிப்பேர் சாகட்டும், மற்றப் பாதி வயிறாறச் சாப்பிடட்டும் என்று சொன்னதாக அவர் எடுத்துப்போட, உலகம் முழுக்க அது பரவியது. மூலக் குறிப்பை முழுவதாக வாசித்த அந்தனி கார்னோ போன்ற ஆய்வாளர்கள் காட்டினது, அங்கே பேச்சு தொழிற்றிட்டங்களைக் குறைப்பது பற்றி. எல்லாத் திட்டத்துக்கும் பிரித்தால் ஒன்றும் முடியாது, பாதியை விட்டுவிட்டு மற்றப் பாதியை முடிப்போம் என்பதுதான் கருத்து. பஞ்சத்துக்கு மாவோ பொறுப்பா என்றால் பொறுப்புத்தான். அதே வருடம் லூஷான் கட்சிக் கூட்டத்தில் எச்சரித்த பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாயைத் தூக்கி எறிந்து, 'பெரும் பாய்ச்சல்' என்ற அவசர உற்பத்தித் திட்டத்தில் குறைத்திருக்க வேண்டிய வேகத்தைத் திரும்பக் கூட்டினவர் அவர். அந்தக் குற்றத்துக்கு இவ்வளவு ஆதாரம் இருக்க, வெட்டி எடுத்த வசனம் ஒன்று தேவையில்லை. அது பிழை என்று தெரியவந்த அன்றைக்கு, மறுப்பாளர்கள் நூல் முழுவதையும் பொய் என்று சொல்ல வழி கிடைத்துவிடுகிறது.

சாங்–ஹலிடேக்குக் கடுமையான விமர்சனம் எழுதினவர்களில் ஒருவர் அமெரிக்கச் சீன ஆய்வாளர் அன்ட்ரூ நேதன். அவர் மாவோ பக்தர் இல்லை. வைத்தியர் லி ஜிசுய்யின் நூலுக்கு முன்னுரை எழுதினவரே அவர்தான். அவர் அடிக்குறிப்புகளைத் தேடிப் போய்ச் சொன்னது, பல இடங்களில் மூலத்தைச் சரிபார்க்க வழியில்லை, சரிபார்க்கக்கூடிய சில இடங்களில் மூலம் அவ்வளவு சொல்லவில்லை என்பது.

இங்கத்தைய பக்கத்தையும் மறக்க வேண்டாம். எங்கட ஆக்கள் மாவோவை வெளிநாட்டு எழுத்தாளரிடம் மட்டும் படிக்கவில்லை. பீக்கிங் வானொலியின் தமிழ்ச் சேவை 1963இல் தொடங்கியது. பீக்கிங் அச்சகங்களின் மலிவு நூல்கள் வந்தன. இங்கத்தைய கம்யூனிஸ்ட் கட்சி பீக்கிங், மொஸ்கோ என்று பிளந்த பிறகு மொஸ்கோ பக்கத்து நூல்கள் எதிர்க்கதை சொல்லின. அதற்கும் முதல் அரிசி வந்தது. 1952 இறப்பர்–அரிசி உடன்படிக்கைப்படி வருடம் 270,000 தொன் அரிசி வர, 50,000 தொன் இறப்பர் போனது. கொரியப் போர்க்காலத்தில் வேறு எவரும் தராத விலைக்கு வாங்கின நாடு என்ற நல்லபெயர் அம்பாறை வயற்காரன் வரைக்கும் வந்தது. உடன்படிக்கை 1957இல் புதுப்பிக்கப்பட்டது. 1959இல், சொந்தச் சனம் சாகத் தொடங்கின வருடத்தில், சீனா 4 மில்லியன் தொன்னுக்கு மேல் தானியம் ஏற்றுமதி செய்தது. கூட்டத்துக்கு வருகிற அந்தப் பெரியவர்களிடம் இந்த இரண்டு எண்ணையும் ஒன்றாக வையுங்கோ. கோபப்படுவார்கள், ஆனால் கதை உண்மையான இடத்துக்கு வரும்.

பதில் 5: ஏறாவூர் வரலாற்று டீச்சர்

அக்கரைப்பற்று நானா சொன்னதில் எனக்கு ஒரு இடத்தில் மட்டும் உடன்பாடில்லை. மேற்கில் சந்தை இருந்தது சரி. ஆனால் 1950களில் மாவோவின் தெரிவுசெய்யப்பட்ட படைப்புகளே திருத்தி எழுதப்பட்டுத்தான் வெளிவந்தன. முதலில் அச்சான வடிவங்களைத் தேடி எடுத்து, எங்கே என்ன மாறியது என்று காட்டினவர்கள் வெளிநாட்டார்தான்: டோக்கியோவில் தாகெயுச்சி மினோரு 1970–72இல் பத்துத் தொகுதி, மறுகா ஆங்கிலத்தில் ஸ்டுவர்ட் ஷ்ராம். விளம்பரமே இல்லாத இந்த வேலைக்கு ஒரு சந்தையும் இருக்கவில்லை. வாழ்க்கை வரலாற்றில் ஒரு மேற்கோளைக் கண்டால், அது திருத்திய பதிப்பில் இருந்தா, மூலத்தில் இருந்தா என்று பார்க்கச் சொல்லுங்கோ.

வைத்தியர் நூல் பற்றி யாரும் எழுதவில்லை. அவர் 1954 முதல் 1976 வரை மாவோவுக்குப் பக்கத்தில் இருந்தவர். நாட்குறிப்பு வைத்திருந்தார், 1966இல் பயத்தில் எரித்துவிட்டார். நூலில் உள்ளது பின்பு ஞாபகத்தில் இருந்து எழுதியது. ஆகவே மாவோவின் நோய், நித்திரையின்மை, பழக்கவழக்கம், கடைசி மாதங்களின் சிகிச்சை என்று தன் கையால் செய்ததைச் சொல்கிற இடம் பலமானது. தான் இல்லாத அரசியற் கூட்டத்தில் யார் என்ன சொன்னார் என்று மேற்கோள்குறி போட்டு எழுதுகிற இடம் பலவீனமானது. ஒரு அத்தியாயத்தை எடுத்து, "கண்டது", "கேட்டது", "பிறகு வாசித்தது" என்று மூன்று நிறப் பென்சிலால் கோடிடச் சொல்லுங்கோ. மாவோவின் செயலாளரும் இன்னொரு வைத்தியரும் தாதியும் சேர்ந்து இதற்கு மறுப்பு நூல் போட்டார்கள். அவர்களும் அரசாங்கத்துக்குள் இருந்தவர்கள் என்பதால் அதையும் இதே பென்சிலால்தான் பார்க்க வேண்டும்.

அமர்வுத் திட்டம் இப்படி வைக்கலாம். நூலுக்கு ஒரு நாள் என்று பிரித்தால் ஒவ்வொரு நாளும் அந்த நாளின் ஆசிரியர்தான் வெல்லுவார், கடைசியில் மாவோ நல்லவரா கெட்டவரா என்று கை உயர்த்திக் கணக்கெடுப்பதில் போய் முடியும். அதைவிடச் சம்பவத்தைப் பிரியுங்கோ. முதல் நாள் ஷாவோஷான் குளமும் பாவோஆன் பேட்டியும். இரண்டாம் நாள் லூடிங் பாலம். மூன்றாம் நாள் கல்முனைச் சேரின் பஞ்சக் கணக்கு. நாலாம் நாள் வைத்தியரின் ஒரு அத்தியாயமும், கட்சி 1981 ஜூன் 27இல் நிறைவேற்றிய தீர்மானமும். மாவோவின் பங்களிப்பு முதன்மை, பிழை இரண்டாவது என்று சொன்ன அந்தத் தீர்மானத்தைப் பக்கத்தில் வைத்தால், சீனாவுக்குள் எவ்வளவு ஒப்புக்கொள்ளப்பட்டது என்று தெரியும்.

லூடிங்குக்குத்தான் நல்லா நேரம் கொடுங்கோ. 1935 மே 29, செஞ்சேனை முற்றுகையை உடைத்துப் பின்வாங்கின நெடும்பயணத்தில், தாது ஆற்றுக்கு மேலே சங்கிலிப் பாலம். பலகைகள் கழற்றப்பட்டிருக்க, எதிர்க்கரையில் துப்பாக்கி சுட, வீரர் சிலர் சங்கிலியைப் பிடித்துக் கடந்ததாக ஸ்னோ எழுதுகிறார். அவர் அங்கே போகவில்லை, ஒரு வருடம் கழித்துச் செஞ்சேனை ஆக்களிடம் கேட்டு எழுதினது. சாங்கும் ஹலிடேயும் சண்டையே நடக்கவில்லை என்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த சாட்சிகளில் முக்கியமானவர், அறுபது வருடத்துக்கு மேல் கழித்துக் கதைத்த ஊர்க் கிழவி ஒருவர். பிறகு அந்த வழியே போய் விசாரித்த சுன் ஷூயுன் என்ற சீன எழுத்தாளர், சண்டை நடந்தது, ஆனால் எதிரிப்படை சின்னது, ஆயுதமும் மோசம் என்ற வாக்குமூலத்தைக் கொண்டுவந்தார். தெங் சியாவோபிங்கே இது பெரிய சண்டை இல்லை என்று தன்னிடம் சொன்னதாக அமெரிக்காவின் முன்னாள் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பிரெசின்ஸ்கி ஒரு உரையில் சொல்லியிருக்கிறார். வீரகாவியமும் இல்லை, வெறும் கட்டுக்கதையும் இல்லை. இந்த முடிவுக்குப் பிள்ளைகள் தாங்களாக வரட்டும், முதலே சொல்லிவிடாதீங்கோ.

வாவிக்கரை

திட்டத்தை அப்படியே எடுக்கிறன் டீச்சர். லூடிங்குக்கு ஸ்னோவில் ஒரு அத்தியாயம், சாங்–ஹலிடேயில் நெடும்பயண அத்தியாயத்தின் அந்தப் பகுதி. வேறு என்ன சேர்க்க?

பதில் 6: தாழங்குடா

அடிக்குறிப்புப் பக்கங்கள். சாங்–ஹலிடேயில் அவை நூலின் பின்பக்கம், பக்க எண்ணையும் வசனத் துண்டையும் வைத்துத் தேட வேணும், உரையில் இலக்கம் இருக்காது. கொப்பிக் கடையில் உரையை மட்டும் அடித்துக்கொண்டு வந்தால் சாட்சி யார் என்று பார்க்க வழியில்லாமல் போகும். ஒரு படமும் வையுங்கோ, ஆற்றின் அகலமும் கரைகளின் நிலையும் தெரியிற மாதிரி. பாலத்தின் நீளம் ஏறத்தாழ 100 மீற்றர், சங்கிலி 13. அதோடு நெடும்பயணத்தின் 25,000 லி (சீன நீள அளவு) என்பதைக் கிலோமீற்றராக்க இரண்டால் வகுத்தால் சரி. 12,500 கிலோமீற்றர் உண்மையில் நடந்தார்களா என்பதிலும் விவாதம் இருக்கு. 2002–03இல் அந்தப் பாதையை நடந்து பார்த்த இரண்டு பிரித்தானியர் பாதியளவுதான் என்றார்கள். நேரம் மிஞ்சினால் அதையும் எடுங்கோ.